ஓய்வுக்குப் பிறகு ஒரு குட்டி இன்ஜின்: மாடல் இன்ஜினியரிங் தொடங்க முழுமையான வழிகாட்டி

பணி ஓய்வுக்குப் பிறகு மாடல் இன்ஜினியரிங் பக்கம் வருகிறவர்கள் பலர், கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்ததும் முதலில் லேத் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் பித்தளைக் கம்பியைச் சீவிப் பார்ப்பார்கள். அப்புறம் என்ன செய்வது என்று பிடிபடாமல் லேத்தின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். இந்த வழிகாட்டி எதிர்த் திசையிலிருந்து தொடங்குகிறது. முதலில் ஒரு இன்ஜினைத் தேர்ந்தெடுங்கள். அது எந்தக் கருவியைக் கேட்கிறதோ அதை, கேட்கும்போது வாங்குங்கள். அந்த இன்ஜின் சிறியதாக இருக்கட்டும், கட்டாயம் முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். ஓடுகிற ஒரு சிறிய இன்ஜின் கற்றுத் தருகிற அளவுக்கு, பாதியில் நிற்கும் பெரிய ரயில் இன்ஜின் கற்றுத் தராது.

மாடல் இன்ஜினியரிங் என்றால் பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டுவது இல்லை. கம்பி, பட்டை, வார்ப்பு என்று கடையில் கிடைக்கும் உலோகத்தை அறுத்து, கடைந்து, துளையிட்டு, உண்மையில் ஓடும் சிறிய இயந்திரங்களைச் செய்வது. நீராவி இன்ஜின், வெப்பக்காற்று இன்ஜின், பெட்ரோல் இன்ஜின், ரயில் இன்ஜின், கடிகாரம், கருவிகளுக்கான கருவிகள் எல்லாம் இதில் அடக்கம். இங்கிலாந்தில் இது வேரூன்றிய பழைய பொழுதுபோக்கு. மாதிரி மற்றும் சோதனைப் பொறியாளர்களுக்கான சங்கம் லண்டனில் 1898-லேயே தொடங்கிவிட்டது. வரைபடங்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊரில் அத்தகைய சங்கங்கள் குறைவு. ஆனால் அவர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒன்று நமக்கு உண்டு. கோயம்புத்தூர், அம்பத்தூர், ஓசூர் பக்கம் தெருவுக்குத் தெரு லேத்து பட்டறை இருக்கிறது. அங்கே கைத்தொழில் தெரிந்த டர்னர் இருக்கிறார். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் இன்ஜின் எது?

ஆடும் உருளை இன்ஜின். இதில் வால்வு கியர் (காற்று வழிகளைத் திறந்து மூடும் தனி இயக்கம்) கிடையாது. உருளையே ஒரு முளையின் மேல் இடமும் வலமும் ஆடும். ஆடும்போது உருளையின் முகத்திலுள்ள சிறு துளை, பின்னாலுள்ள சட்டத்தின் உள்வழித் துளைக்கு நேராக வந்து காற்றை வாங்கும். எதிர்ப்பக்கம் போகும்போது வெளிவழித் துளைக்கு நேராக வந்து காற்றை விடும். நடுவில் நிற்கும்போது இரண்டும் மூடியிருக்கும். அசையும் பாகங்கள் மொத்தமே நாலைந்துதான்: உருளை, பிஸ்டன், கிராங்க், தண்டு, பறக்கும் சக்கரம் (ஃபிளைவீல்). இருந்தாலும் லேத் வேலையின் அடிப்படைகள் அனைத்தும் இதற்குள் இருக்கின்றன. முகம் சீவுவது, உருளை கடைவது, உள்துளை, ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவி), மரை, ஒன்றுக்கொன்று இணையான துளைகள், வழுக்கும் பொருத்தம், இறுக்கமான பொருத்தம் என்று எல்லாமே வந்துவிடும். நீராவியும் வேண்டாம். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர் போதும்.

கீழே நான் தரும் அளவுகள் ஒற்றைச் செயல் இன்ஜினுக்கானவை. காற்று ஒரு பக்கம் மட்டும் தள்ளும், மீதிச் சுற்றைப் பறக்கும் சக்கரம் இழுத்துப்போகும். எல்லாம் மில்லிமீட்டரில்:

உருளையின் உள்விட்டம் 10, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 16, அதாவது கிராங்க் ஆரம் 8.
ஆடும் முளைக்கும் கிராங்க் தண்டுக்கும் மையத் தூரம் 45.
உருளை: 20 சதுரப் பித்தளை, நீளம் 32.
சட்டம்: 40 × 10 அலுமினியப் பட்டை, உயரம் 100. அடித்தட்டிலிருந்து தண்டு 32 உயரத்தில், முளை 77 உயரத்தில்.
தண்டு 5 விட்டம், முளை 4 விட்டம், இரண்டும் சில்வர் ஸ்டீல் (துல்லிய அளவுக்குச் சாணை பிடித்த எஃகுக் கம்பி).
கிராங்க் வட்டு 24 விட்டம், 6 தடிமன். பறக்கும் சக்கரம் 50 விட்டம், 10 தடிமன், மைல்டு ஸ்டீல்.

இந்த அளவுகளை ஒரு தாளில் நீங்களே வரையுங்கள். வரையும்போதே கேள்விகள் வரும், பட்டறையில் வரவேண்டிய பாதிச் சிக்கல் மேசையிலேயே தீர்ந்துவிடும்.

வாங்கும் முன் ஒரு டர்னரிடம் உட்காருங்கள்

அலுவலக வேலையில் ஓய்வு பெற்றவராக இருந்தால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள லேத்து பட்டறைக்குப் போய், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்க அனுமதி கேளுங்கள். “மாஸ்டர், ஒரு சின்ன இன்ஜின் செய்யப் போகிறேன்” என்று வரைபடத்தைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் ஆர்வமாகிவிடுவார்கள். அவருடைய நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். வயது காரணமாக அவர் உங்களை சார் என்று அழைத்தாலும், அங்கே ஆசிரியர் அவர்தான்.

கவனிக்க வேண்டியது அவர் கை. டூலை எப்படி மையத்துக்கு வைக்கிறார், சக்கில் (பொருளைக் கவ்விச் சுற்றும் பாகம்) பொருளை இறுக்குமுன் எப்படித் துடைக்கிறார், சத்தம் மாறியதும் ஏன் நிறுத்துகிறார் என்று பாருங்கள். டூல் முனை மைய உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய உத்தி உண்டு. மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைப் பொருளுக்கும் டூல் முனைக்கும் நடுவில் லேசாகப் பிடிக்க வேண்டும். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் டூல் சரியான உயரத்தில் இருக்கிறது. ஸ்கேலின் மேல்முனை உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. இப்படிப்பட்டவற்றைப் பட்டறையில் நின்றுதான் கற்க முடியும்.

வசதி இருந்தால் முதல் இன்ஜினின் கடைசல் பாகங்களை அங்கேயே, அவர் பார்வையில் நீங்களே கடைந்துவிடலாம். அப்படிச் செய்தவர் லேத் வாங்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறார்.

அறையும் வெளிச்சமும்

பத்துக்கு எட்டு அடி இடம் போதும். மாடி அறையை விடத் தரைத்தளம் நல்லது. எடையும் அதிர்வும் கீழ்வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யாது. மேசை உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நின்று வேலை செய்யும்போது வைஸின் மேல்பகுதி உங்கள் முழங்கை மட்டத்துக்கு வரவேண்டும். தாழ்ந்த மேசையில் அரம் போட்டால் இடுப்பு தாங்காது. உயரமான ஸ்டூல் ஒன்றும், நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பும் போடுங்கள்.

வெளிச்சம் இளைஞரை விட நமக்கு அதிகம் தேவை. மேலே பொது விளக்கு, லேத்தின் மேல் தனி விளக்கு, அளக்கும் இடத்தில் உருப்பெருக்கியுடன் கூடிய விளக்கு. பழைய சோக் வைத்த டியூப் லைட்டை மட்டும் நம்பி லேத் ஓட்டாதீர்கள். அந்த வெளிச்சம் விநாடிக்கு 100 முறை துடிக்கும். சில வேகங்களில் சுற்றுகிற சக் நின்றுவிட்டது போலக் கண்ணுக்குத் தெரியும். கண்புரை இருந்தால் ஆபரேஷனை முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கண்ணாடிக்காரரிடம் ‘படிக்க’ என்று மட்டும் சொல்லாமல், கைநீட்டும் தூரத்தில் வேலை என்று சொல்லி அதற்கென ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கு நல்ல எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), இடது கைக்கு எட்டும் இடத்தில் பெரிய சிவப்பு நிறுத்து பொத்தான், இவை கட்டாயம். கடற்கரை ஊரானால் துரு உடனே ஏறும். வேலை முடிந்ததும் லேத்தின் பெட் என்கிற அடிப்பாகத்தையும் அளவுக் கருவிகளையும் எண்ணெய்த் துணியால் துடைப்பது அன்றைய வேலையின் பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள், வாங்க வேண்டிய வரிசையில்

முதலில் அளக்கும் கருவி. 150 மி.மீ. வெர்னியர், 0–25 மைக்ரோமீட்டர், ஒரு மூலைமட்டம், ஸ்க்ரைபர், சென்டர் பஞ்ச். இதில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிவான டிஜிட்டல் வெர்னியர் ஒருநாள் ஒரு அளவு காட்டும், மறுநாள் வேறு காட்டும். கற்கும் காலத்தில் தவறு கையிலா கருவியிலா என்று தெரியாமல் போவது பெரிய சோர்வு.

அடுத்து பெஞ்ச் வைஸ், ஹேக்ஸா, நல்ல அரங்கள் நாலைந்து. பித்தளைக்குப் புது அரம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பில் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கும். பிறகு 13 மி.மீ. பெஞ்ச் டிரில், அதற்கொரு வைஸ். டேப்புகள் (துளைக்குள் மரை வெட்டும் கருவிகள்) எம்3, எம்4, எம்5. அவற்றுக்கான துளைகள் முறையே 2.5, 3.3, 4.2. இந்த மூன்று எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ரீமர் 4, 5, 10.

பிரிட்டன் வரைபடங்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரைகள் வரும். அந்த டேப்புகள் இங்கே அரிது, தேடி அலைய வேண்டாம். 2 பி.ஏ.வுக்கு எம்5, 6 பி.ஏ.வுக்கு எம்3, 8 பி.ஏ.வுக்கு எம்2 என்று மாற்றிக்கொண்டால் போதும். துளை அளவையும் அதற்கேற்ப மாற்ற மறக்காதீர்கள். இன்னொன்று, நம் பாடத்திட்டத்தில் படித்த வரைபடம் முதல் கோண முறை, அமெரிக்க வரைபடம் மூன்றாம் கோண முறை. இதைக் கவனிக்காமல் கடைந்தால் பாகம் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிவிடும்.

உலோகத்துக்குத் துண்டு விலைக்குத் தரும் கடைகளைப் பிடியுங்கள். லேத்து பட்டறையில் மிச்சம் விழும் கம்பித் துண்டுகளே இந்த அளவு இன்ஜினுக்குத் தாராளம். சென்னையில் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் நல்ல ஸ்டீல் கிடைக்கும். ஆனால் என்ன ஸ்டீல் என்று யாருக்கும் தெரியாது, சிலது கடினமாக்கப்பட்டிருக்கும். அரத்தால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் வாங்காதீர்கள்.

லேத்

இப்போது லேத். வீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இறக்குமதியாகும் மினி லேத். ஏறக்குறைய 40 கிலோ எடை, சிங்கிள் ஃபேஸ், சென்டருக்கு சென்டர் 300–350 மி.மீ. இந்த இன்ஜினுக்கும் இதற்குப் பின் வரும் பலவற்றுக்கும் இது போதும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓட்டக்கூடிய பொருள் இல்லை. கழற்றி, கிரீஸைக் கழுவி, ஜிப் பட்டைகளை (நழுவும் பாகங்களின் தளர்ச்சியைக் கட்டுப்படுத்துபவை) சரிசெய்து, மறுபடி பூட்ட வேண்டும். அதைச் சலிப்பாக நினைக்காதீர்கள். உங்கள் இயந்திரத்தை உள்ளும் புறமும் அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொன்று, நம் ஊரில் செய்த பழைய லேத். கனமானது, அதிர்வு குறைவு, வேலை அழகாக வரும். ஆனால் தரைத்தளம் வேண்டும், பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும், இடம் அடைக்கும். பழையதை வாங்கும்போது சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, கையால் மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். முள் நன்றாக ஆடினால் ஸ்பிண்டில் பேரிங் போயிருக்கிறது. சக்குக்குப் பக்கத்தில் கேரேஜை (டூலைத் தாங்கி நகரும் பாகம்) இலகுவாக ஓடும்படி ஜிப்பைச் சரிசெய்து, பிறகு மறுமுனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். அங்கே இறுகினால் சக்குக்குப் பக்கத்தில் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கொஞ்சம் தேய்மானம் பாவமில்லை, விலையில் குறையுங்கள்.

எதை வாங்கினாலும் லேத் விலைக்குச் சமமான தொகையை நாலு தாடைச் சக், டிரில் சக், டூல் போஸ்ட், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட், கிரைண்டர் என்று அடுத்த ஒரு வருடத்தில் செலவிடுவீர்கள். பட்ஜெட்டை அப்படிப் பிரித்து வைத்துவிடுங்கள், வீட்டிலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

உடையும் உடம்பும்

வேட்டி, லுங்கி, தோள் துண்டு, முழுக்கைச் சட்டை, கழுத்துச் செயின், மோதிரம், கைக்கயிறு, இவை எதுவும் லேத் பக்கம் வரக்கூடாது. பெண்களுக்கு முந்தானை, துப்பட்டா, வளையல், அவிழ்ந்த கூந்தல். கையுறையும் கூடாது. பாதுகாப்புக்கென்று போடுவதே கையை உள்ளே இழுத்துவிடும். சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கவே கூடாது. சாவி கையில் இருக்கும்வரை அது சக்கில் இருக்கலாம், கை விலகினால் சாவியும் விலக வேண்டும். உலோகச் சீவல் சுருளைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள், கொக்கி ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைச் சீவல் ஊசி மழை மாதிரி பறக்கும். மூக்குக்கண்ணாடி போதாது, முகத்திரை வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறு வெட்டும் நிற்காமல் ஒழுகும். டாக்டரிடம் இந்த வேலையைச் சொல்லி, அழுத்திக் கட்டும் பேண்டேஜைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தலைசுற்றல் இருக்கும் நாளில், தூக்க மாத்திரையின் மயக்கம் தெளியாத காலையில் வரைபடம் பாருங்கள், அளவு எடுங்கள், இயந்திரத்தை ஓட்ட வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாதபோதும் அப்படியே. ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம் போதும். பிழைகள் பெரும்பாலும் ‘இதையும் முடித்துவிட்டுப் போவோம்’ என்கிற கடைசி அரைமணியில்தான் நடக்கும்.

இன்ஜினைச் செய்வோம்

முதலில் சட்டம். இன்ஜினின் உயிர் இங்கேதான். தண்டுத் துளையும் முளைத் துளையும் ஒன்றுக்கொன்று இணையாகவும் சட்டத்தின் முகத்துக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். இதில் ஒன்று சாய்ந்தாலும் உருளை ஆடும்போது முகத்தை விட்டு எழும்பி காற்று கசியும். பட்டையின் முகத்தை, தடித்த கண்ணாடி மேல் ஒட்டிய 400 எமரியில் எட்டு வடிவில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். மார்க்கர் மையால் முகத்தைக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் பள்ளம் எங்கே என்று மை காட்டிக்கொடுக்கும். பிறகு மையக்கோடு கீறி, 32-லும் 77-லும் பஞ்ச் வைத்து, வைஸில் ஒரே பிடியில் இரண்டு துளைகளையும் போடுங்கள். டிரில் மேசையில் வைஸை நகர்த்தலாம், பட்டையை வைஸிலிருந்து கழற்றக்கூடாது. முளைத் துளை 3.8 டிரில், பிறகு 4 ரீமர். தண்டுத் துளை 8, அதற்குள் பித்தளை புஷ் (தண்டைத் தாங்கும் குழல்) வரும்.

அடுத்து இரண்டு காற்றுத் துளைகள். இவற்றின் இடத்தைக் கண்ணால் குறிக்காமல் கணக்கிட்டுக் குறிக்க வேண்டும். கிராங்க் ஆரம் 8, மையத் தூரம் 45. உருளை ஒரு பக்கம் ஆடும் உச்சக் கோணத்தின் சைன் மதிப்பு 8-ஐ 45-ஆல் வகுத்தது, அதாவது 0.178. கோணம் 10 பாகைக்குச் சற்று மேல். உருளை முகத்திலுள்ள துளை முளையிலிருந்து 14 தூரத்தில் இருக்கிறது. எனவே அது பக்கவாட்டில் 14 × 0.178, அதாவது ஏறக்குறைய 2.5 மி.மீ. நகரும். ஆகவே சட்டத்தின் துளைகள் மையக்கோட்டிலிருந்து இருபுறமும் 2.5-ல், முளைக்கு மேலே 13.8 உயரத்தில். எல்லாத் துளைகளும் 2 மி.மீ. விட்டம். நடுநிலையில் இரண்டு துளைகளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் சுவர் மிஞ்சும், அதுதான் மூடி. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அதிகக் காற்று வருமே என்று 2.5-க்கு மேல் போனால் நடுநிலையில் உள்வழியும் வெளிவழியும் ஒன்றாகத் திறந்துவிடும், இன்ஜின் நின்றுவிடும்.

பின்பக்கத்திலிருந்து ஒரு துளையை மட்டும் 4.2 டிரிலால் 6 ஆழத்துக்குப் பெரிதாக்கி எம்5 மரை போடுங்கள். காற்றுக் குழாய் அங்கே வரும். மற்றது வெளிவழி, அப்படியே விடுங்கள்.

உருளை. 20 சதுரக் கம்பியை நாலு தாடைச் சக்கில் பிடித்து, டயல் கேஜால் மையம் பார்த்து, முகம் சீவுங்கள். சென்டர் டிரில், 6, 9 என்று ஏறி, போரிங் டூலால் 9.8 வரை கொண்டுவந்து, பிறகு ரீமர். டிரில் துளை எங்காவது சாயும், போரிங் டூல்தான் அதை நேராக்கும், ரீமர் வெறும் அளவை மட்டும் தரும். பித்தளைக்கு ஒரு சிறப்புக் கவனம் தேவை. சாதாரண டிரில் பித்தளையில் திடீரென்று கடித்து உள்ளே இழுக்கும். டிரிலின் இரண்டு வெட்டு விளிம்புகளிலும் எண்ணெய்க் கல்லால் மெல்லிய தட்டை ஒன்று போட்டுவிட்டால் இழுக்காது. கடையும் டூலுக்கும் மேல்சாய்வு வேண்டாம், தட்டையாக விடுங்கள்.

வேகத்துக்கு எளிய கணக்கு: நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் வெட்டலாம் என்பதை 320-ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுக்க வேண்டும். எச்.எஸ்.எஸ். டூலுக்கு மைல்டு ஸ்டீல் 25 மீட்டர், பித்தளை 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 20 மி.மீ. ஸ்டீலுக்கு 400 சுற்று, 50 மி.மீ. பறக்கும் சக்கரத்துக்கு 160. ரீமரைக் கடைசல் வேகத்தில் கால்பங்குக்கும் கீழே, எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். பின்னோக்கிச் சுற்றவே கூடாது.

உருளையின் ஒரு பக்கத்தை முகமாகத் தேர்ந்தெடுத்து, கீழ்முனையிலிருந்து 14-ல் முளைத் துளை, மேல்முனையிலிருந்து 4-ல் காற்றுத் துளை. காற்றுத் துளை உள்ளே திறக்க வேண்டும். முளைத் துளை திறக்கக் கூடாது. அங்கே சுவர் 5 மி.மீ. மட்டும்தான். டிரில் முனையையும் சேர்த்து 4 ஆழத்தில் நிறுத்தி, அடிவரை மரை போடும் டேப்பால் எம்4 போட்டு, முளையை லாக்டைட் (உலோகப் பாகங்களை இறுக்கும் பசை) வைத்துத் திருகுங்கள். முளையைச் சுற்றி ஒரு 10 மி.மீ. வட்டத்தை மயிரிழை ஆழம் சீவிவிட்டால் முகம் ஓரங்களில் நன்றாக உட்காரும். இது முளையைத் திருகுவதற்கு முன்பே முடியவேண்டிய வேலை, முகத்தை எமரியில் தேய்ப்பதும் அப்படியே. கடைசியாக மேல்முனைக்கு ஒரு மூடி கடைந்து, 2.5 மி.மீ. உள்ளே போகும்படி பொருத்துங்கள். அதற்கு மேல் போனால் காற்றுத் துளையை மறைத்துவிடும்.

பிஸ்டன். 14 நீளம், ஸ்டீல். ரீமர் போட்ட உருளையில் 0.02 மி.மீ. தளர்ச்சி வேண்டும், எனவே 9.98. கடைசி 0.02 மில்லிமீட்டரைக் கடையாதீர்கள். 10.00-ல் நிறுத்தி, எண்ணெயில் நனைத்த 1000 எமரியால் தேய்த்து, துடைத்து, அளந்து, மறுபடி தேய்த்து வாருங்கள். பொருத்தம் சரியா என்று மைக்ரோமீட்டரை விட விரல் நன்றாகச் சொல்லும். பிஸ்டனில் ஒரு துளி எண்ணெய் விட்டு உருளைக்குள் விடுங்கள், காற்றுத் துளையை விரலால் மூடுங்கள், பிஸ்டனை வெளியே இழுங்கள். விரல் நுனி உள்ளே உறிஞ்சப்படும், பிஸ்டன் டப்பென்ற ஒலியோடு வரும். விரலை எடுத்தால் தன் எடையிலேயே நழுவி இறங்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் உங்கள் கை லேத் வேலைக்குப் பழகிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிஸ்டன் தண்டு 3 விட்டம், எம்3 மரையில் பிஸ்டனுக்குள் போகும். மறுமுனையில் 5 தடிமனுள்ள பித்தளைத் துண்டு, அதில் 3 துளை. பிஸ்டன் தலையிலிருந்து அந்தத் துளையின் மையம் வரை 49.5 வரவேண்டும். மரையில் திருகி இந்த அளவைச் சரிசெய்யலாம். உருளையின் மையக்கோடு சட்ட முகத்திலிருந்து 10 மி.மீ. தள்ளியிருக்கிறது. பித்தளைத் துண்டின் நடுவும் அதே 10-ல் வரவேண்டும். புஷ் முகத்துக்கு மேல் 1 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க, கிராங்க் வட்டு 6 தடிமன், அரை மில்லிமீட்டர் இடைவெளி, பிறகு 5 தடிமனுள்ள துண்டு என்று அடுக்கினால் கணக்கு சரியாக வரும்.

கிராங்க் வட்டில் நடுத்துளை 5, அதிலிருந்து சரியாக 8-ல் கிராங்க் முளைக்கு 3. இரண்டும் லாக்டைட்டில் இறுகும். இந்த 8 தவறினால் மேலே போட்ட காற்றுத் துளைக் கணக்கும் தவறும். பறக்கும் சக்கரத்தை ஒரே பிடியில் முகமும் துளையும் கடையுங்கள், அப்போதுதான் ஆடாமல் சுற்றும். தண்டில் பிடிக்க ஒரு எம்3 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) போதும். முளையின் பின்பக்கம் மெல்லிய ஸ்பிரிங், நட்.

ஓட்டுவது

எல்லா விளிம்புகளிலும் பிசிறை எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டுப் பூட்டி, கையால் சக்கரத்தைத் தட்டினால் சில சுற்றுகள் தானே போக வேண்டும். போகாவிட்டால் காற்றைக் கொடுக்காதீர்கள், முதலில் இறுக்கம் எங்கே என்று ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரு பார் அழுத்தத்துக்குள் காற்று கொடுத்துச் சக்கரத்தைச் சுண்டுங்கள்.

ஸ்ஸ் என்று முகத்தில் காற்று போனால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்குங்கள். இறுக்கியும் போகிறது என்றால் முகம் தட்டையாக இல்லை, அல்லது முளை சாய்ந்திருக்கிறது. மை தடவி ஆட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் தொடவில்லை என்று தெரியும். ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் தடுமாறியும் சுற்றினால் காற்றுத் துளைகள் மையத்திலிருந்து நகர்ந்திருக்கின்றன. எதிர்த்திசையில் சுற்ற ஆசையானால் காற்றை மற்ற துளைக்கு மாற்றிக் கொடுத்தால் போதும். எண்ணெய் விட்டுக்கொண்டே சிறிது நேரம் ஓட்டினால் முகங்கள் ஒன்றுக்கொன்று பழகி, அழுத்தத்தைக் குறைத்தாலும் ஓடும்.

நீராவி எப்போது?

அவசரம் வேண்டாம். காற்றில் ஓடுகிற இன்ஜின் நீராவியிலும் ஓடும், ஆனால் பாய்லர் தனி விஷயம். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர், பாய்லர் பிளந்தால் அந்தக் கணமே பெருமளவு நீராவியாக மாறி வெடிக்கும். சமையல் குக்கரையோ பழைய கேஸ் டப்பாவையோ பாய்லராக மாற்றும் வீடியோக்களைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். முதல் பாய்லரைச் சோதனைச் சான்றோடு வாங்குங்கள்.

பின்னாளில் நீங்களே செய்வதானால் செம்பு, சில்வர் சால்டர். சாதாரண ஈயப் பற்று கூடாது, தண்ணீர் வற்றினால் உருகிவிடும். காட்மியம் கலந்த சில்வர் சால்டரின் புகை நஞ்சு, அது இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். பாய்லரோடு பற்றவைக்கும் புஷ்கள் வெண்கலத்தில் இருக்கட்டும். பித்தளையிலுள்ள துத்தநாகத்தைச் சுடுநீர் காலப்போக்கில் அரித்துவிடும். பிரிட்டிஷ் கிளப்புகளின் வழக்கம் புதிய பாய்லரை வேலை அழுத்தத்தைப் போல இரு மடங்குக்கு நீர்ச்சோதனை செய்வது. காற்றுக் குமிழ் இல்லாமல் குளிர்ந்த நீரால் முழுக்க நிரப்பி, கைப்பம்பால் ஏற்றுவார்கள். தண்ணீர் அமுங்காது, ஆகவே பிளந்தாலும் சொட்டு ஒழுகுமே தவிர வெடிக்காது. சேஃப்டி வால்வு, பிரஷர் கேஜ், நீர்மட்டக் கண்ணாடி மூன்றும் இல்லாத பாய்லருக்கு அடியில் நெருப்பு வைக்காதீர்கள்.

இரண்டாவது இன்ஜினுக்கு என் பரிந்துரை வெப்பக்காற்று இன்ஜின். ராபர்ட் ஸ்டிர்லிங் 1816-ல் காப்புரிமை எடுத்த அதே கொள்கை. பாய்லரே வேண்டாம், ஸ்பிரிட் விளக்கு போதும். ஆனால் உராய்வை மன்னிக்காது, முதல் இன்ஜினில் கற்ற பொருத்தங்களைக் கறாராகச் சோதிக்கும். அதன் பிறகு ஸ்லைடு வால்வுள்ள நிமிர்ந்த இன்ஜின். இதற்கு வார்ப்புகளோடு கூடிய கிட்டுகள் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. சுங்கவரியைச் சேர்த்துப் பார்த்தால் கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் மரப் பேட்டர்ன் கொடுத்து வார்ப்பதும் யோசிக்கத்தக்கது.

ரயில் இன்ஜின் ஆசை கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையின் எக்ஸ் வகை இன்ஜினைக் குறிவைத்து வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். அதில் நாலு சிலிண்டர்கள், இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. அதைப் பத்தாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய பழைய மீட்டர்கேஜ் இன்ஜின்களுக்கு 45 மி.மீ. தண்டவாளம் அழகாகப் பொருந்தும். 22.5-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் மீட்டர் கேஜ் கிட்டத்தட்ட அப்படியே அதில் உட்காரும், இன்ஜினும் மேசையில் தூக்கி வைக்கும் எடையில் இருக்கும். ஆள் உட்கார்ந்து போக வேண்டுமானால் ஐந்து அங்குலப் பாதை. அதில் மீட்டர்கேஜ் இன்ஜின் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக வரும். ஒருவர் தூக்க முடியாது, பாதை போடத் தோட்டமோ தோப்போ வேண்டும், சில வருட வேலை. அளவெடுக்கவும் படமெடுக்கவும் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும், திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கும் போகலாம். அளக்கும் டேப்பும் நோட்டும் கொண்டுபோங்கள். படம் எடுக்கும்போது ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் ஒரு அடி ஸ்கேலை வைத்து எடுத்தால், வீட்டில் வரையும்போது அளவு கிடைக்கும்.